11 அடி ஜன்னலுக்கு ரெடிமேட் கர்ட்டன்: எப்படி ஜாயின்ட் பண்றது?

செம்பூர்க்காரி:
எல்லாருக்கும் வணக்கம். மும்பை செம்பூர்ல புது ஃப்ளாட்டுக்கு வந்து ரெண்டு மாசம் ஆச்சு, 9வது மாடி. ஹால் ஜன்னல் மேற்கு பாத்தது, ஃப்ரேம் மட்டுமே 11 அடி 4 இஞ்ச் அகலம், கிட்டத்தட்ட தரை வரைக்கும் கண்ணாடி. பழைய வீட்டுல எல்லாம் 5 அடி ஜன்னல், ஒரு ஜோடி வாங்கி மாட்டினா முடிஞ்சுது. இதுக்கு தைக்கக் குடுக்கலாம்னு விசாரிச்சா துணி, கூலி எல்லாம் சேத்து சொன்ன தொகைய கேட்டு திரும்பி வந்துட்டோம், வீடு வாங்கின கையோட அவ்வளவு முடியாது. அதனால 4 அடி அகலம் 9 அடி நீளம் ரெடிமேட் பிளாக்அவுட் (வெளிச்சம் விடாத கனமான துணி), ரிங் வச்சது, 4 வாங்கினேன். பத்தலன்னு தெரிஞ்சதும் அதே கலர் இன்னும் 2 வாங்கினேன். இப்ப 6 தனித்தனியா தொங்குது. ஒவ்வொன்னுக்கும் நடுவுல ரெண்டு விரல் அளவு இடைவெளி விட்டுக்குது, இழுத்து சேத்து வச்சாலும் ஃபேன் காத்துக்கு பிரிஞ்சுடுது. மாமியாருக்கு போன மாசம்தான் கண்ணுல கேட்டராக்ட் ஆபரேஷன் ஆச்சு, சாயங்காலம் 4 மணிக்கு மேல அந்த இடுக்கு வழியா வர்ற வெயில் நேரா அவங்க உக்காருற இடத்துல விழுது. கம்பியும் நடுவுல தொய்ஞ்சு போச்சு. மொத்தமா ஒரே துணி மாதிரி ஆக்க முடியுமா? என்கிட்ட தையல் மெஷின் இருக்கு, ரவிக்கை தைக்கற அளவுக்குத் தெரியும்.

டோம்பிவிலி லோக்கல்:
அக்கா முதல்ல அளவு முழுசா போடுங்க. கம்பி எவ்வளவு நீளம், கம்பியில இருந்து தரை வரைக்கும் எவ்வளவு, ஒரு பேனல் உண்மையில எத்தன இஞ்ச் இருக்கு (கவர்ல போட்டிருக்கறது வேற, டேப்புல வர்றது வேற), எத்தன ரிங், கம்பிக்கு நடுவுல ப்ராக்கெட் இருக்கா இல்லையா. இது தெரியாம சொல்றது எல்லாம் கண்ண கட்டிட்டு வழி சொல்ற மாதிரிதான்.

செம்பூர்க்காரி:
அளந்துட்டேன் தம்பி. கம்பி 150 இஞ்ச், ஜன்னலுக்கு ரெண்டு பக்கமும் 7 இஞ்ச் நீட்டி விட்டிருக்கு. கம்பியில இருந்து தரை 94 இஞ்ச். பேனல் அகலம் 46 இஞ்ச்தான் வருது, கவர்ல 4 அடின்னு போட்டிருந்தான். நீளம் ஆறும் ஆறு மாதிரி இருக்கு, ஒன்னு 107, ஒன்னு 108, ஒன்னு அதுக்கும் கொஞ்சம் மேல. இப்போதைக்கு கீழ மடிச்சு ஊக்கு குத்தி வச்சிருக்கேன். ரிங் ஒன்னுக்கு 8. கம்பி முக்கால் இஞ்ச் குழாய், ரெண்டு துண்டு, நடுவுல உள்ள ஒரு ஜாயின்ட் போட்டு சேத்திருக்காங்க. 12 அடி குழாய் லிஃப்டுல நுழையாதுன்னு மாட்ட வந்தவர் ரெண்டா வெட்டிட்டார். நடுவுல ப்ராக்கெட் கெடையாது, போட்டா கர்ட்டன் தாண்டாதுன்னு சொன்னார்.

டோம்பிவிலி லோக்கல்:
6 பேனல் 46ன்னா 276 இஞ்ச். கம்பி 150. அப்ப 1.8 மடங்கு சுருக்கம் வருது. கடைக்காரங்க 2, 2.5 மடங்கு கேப்பாங்க ஏன்னா அவங்களுக்கு துணி விக்கணும், ஆனா பிளாக்அவுட் மாதிரி கனமான துணிக்கு 1.8 நல்லாவே இருக்கும். துணி இதுக்கு மேல வாங்காதீங்க.

கம்பிதான் தப்பு. 12 அடிக்கு மேல போற கம்பி, அதுவும் முக்கால் இஞ்ச், அதுவும் நடுவுல துண்டு, தாங்கவே தாங்காது. எங்க சித்தப்பா வீட்டுல இப்படித்தான் தொய்ஞ்சு தொய்ஞ்சு ஒரு நாள் ராத்திரி மொத்தமா விழுந்துது, கீழ கொழந்த படுத்திருந்துது, நல்ல வேள ஒன்னும் ஆகல. ஒரு இஞ்ச் ஸ்டீல் குழாய், கனமான சுவர் உள்ளதா பாத்து வாங்குங்க. நடுவுல ப்ராக்கெட் கட்டாயம். ரெண்டு துண்டும் சேர்ற இடம் சரியா அந்த ப்ராக்கெட் மேல உக்காரணும். கர்ட்டன் தாண்டாதுன்னு அவர் சொன்னது உண்மைதான், ஆனா ஏன் தாண்டணும்? இடப்பக்கம் ஒரு பாதி வலப்பக்கம் ஒரு பாதி, நடுவுல இருந்து ரெண்டு பக்கமா தொறக்கறது. தாண்டவே வேண்டாம்.

வாடகைவீடு:
நான் சயான்ல வாடகைக்கு இருக்கேன், தையல் எல்லாம் தெரியாது, நான் செஞ்சத சொல்றேன். முதல் பேனலோட கடைசி ரெண்டு ரிங், அடுத்த பேனலோட முதல் ரெண்டு ரிங், இத ஒன்னு மேல ஒன்னு வச்சு கம்பிய ரெண்டுத்துக்குள்ளயும் ஒன்னா விடுங்க. ரெண்டு பேனலும் ஒரு மடிப்பு அளவுக்கு ஒன்ன ஒன்னு போத்திக்கும், வெளிச்சம் சுத்தமா வராது. ஒரு ரிங் மட்டும் வச்சா மடிப்பு மாறி மாறி முட்டிக்கும், ரெண்டு ரிங்னாதான் மடிப்பு ஒரே பக்கம் திரும்பும். நாலு வருஷமா இப்படித்தான் மாட்டறேன். வீடு காலி பண்ணும்போது பிரிச்சு எடுத்துட்டு போகலாம்.

செம்பூர்க்காரி:
இத இப்பவே செஞ்சு பாத்தேன்!! ஒரு சேர்ப்புக்கு செஞ்சதுலயே வித்தியாசம் தெரியுது. ஆனா ஒவ்வொரு சேர்ப்புக்கும் ஒரு சாண் துணி போயிடுது போல இருக்கே?

வாடகைவீடு:
ஆமா 10 இஞ்ச் கிட்ட போகும். பாதிக்கு ரெண்டு சேர்ப்பு, ரெண்டு பாதிக்கும் நாலு, மொத்தம் 40 இஞ்ச். என் ஜன்னல் 8 அடிதான், எனக்கு சரியா போச்சு.

ஊசிமுனை:
வணக்கம் மா. தாராவி 90 அடி ரோடு பக்கத்துல 22 வருஷமா தைக்கறேன், சோபா கவர், கர்ட்டன், மெத்தை உறை. 40 இஞ்ச் போனா மிச்சம் 236, ஒன்னரை மடங்குக்கு வந்துடும், மேல மடிப்பு தட்டையா தெரியும். உங்களுக்கு சொந்த வீடு, மெஷினும் இருக்கு, தைச்சுடுங்க. ஆனா ரெண்டு ஓரத்தையும் அப்படியே பக்கத்துல வச்சு ஒரு தையல் போட்டுடாதீங்க. எல்லாரும் அதத்தான் செய்யறாங்க, அப்பறம் அந்த எடத்துல மட்டும் மடிப்பு பிதுங்கி நிக்குதுன்னு என்கிட்ட கொண்டு வர்றாங்க.

சொல்றத பொறுமையா படிங்க. உங்க பேனல் 46 இஞ்ச், 8 ரிங். அளந்து பாருங்க, ஒரு ரிங் நடுவுல இருந்து அடுத்த ரிங் நடுவு 6 இஞ்ச் வரும். கடைசி ரிங்ல இருந்து ஓரம் 2 இஞ்ச் வரும். அப்படியே ஓரத்தோட ஓரம் தைச்சா அந்த எடத்துல ரெண்டு ரிங்குக்கு நடுவுல 4 இஞ்ச்கூட இருக்காது, மத்த எடத்துல எல்லாம் 6, இங்க மட்டும் கம்மி. அதான் பிதுங்குது. அதுக்கு பதிலா சேர்ற பக்கத்து ஓரத் தையல மட்டும் மேல இருந்து கீழ வரைக்கும் பிரிங்க. உள்ள ஒன்னரை இஞ்ச் துணி மடிஞ்சு இருக்கும், அது வெளிய வந்துடும். இப்ப கடைசி ரிங்ல இருந்து ஓரம் மூணரை. அரை இஞ்ச் உள்ள தள்ளி தையல் போட்டா இந்தப் பக்கம் 3 அந்தப் பக்கம் 3, மொத்தம் 6. மத்த எடம் எப்படியோ அப்படியே வந்துடும். ரிங் எண்ணிக்கை இரட்டைப்படையா இருக்கறதால ஓரம் எப்பவும் சுவர் பக்கமா திரும்பும், அதனால தையல் தானா பின் மடிப்புக்குள்ள போயிடும், முன்னால இருந்து பாத்தா தெரியவே தெரியாது.

மேல் பட்டியில்தான் கஷ்டம். உள்ள விறைப்பா ஒரு கேன்வாஸ் வச்சிருப்பாங்க, அது ஓரம் மடிச்ச எடத்தோட நின்னுடும். அங்க மட்டும் ரெண்டு ரிங்குக்கு நடுவுல பட்டி தொளதொளன்னு இருக்கும். ஒரு துண்டு கேன்வாஸ் வெட்டி உள்ள சொருகி கை தையல் போட்டுடுங்க.

செம்பூர்க்காரி:
அக்கா இதுக்காகத்தான் ரெண்டு நாளா தேடிட்டு இருந்தேன், ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம், பழைய தையல் பிரிச்ச எடத்துல ஓட்டை வரிசையா தெரியாதா?

கரூர் துணிக்காரன்:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும் மேடம், கரூர்ல ஸ்க்ரீன் துணி எக்ஸ்போர்ட் பண்ற எடத்துல 12 வருஷம் இருந்தேன், இப்ப பிவண்டியில. ஓட்டை தெரியுமா தெரியாதாங்கறது பிளாக்அவுட் எந்த வகைங்கறத பொறுத்தது. பின் பக்கம் தடவிப் பாருங்க. துணி மாதிரியே இருந்தா அது நெசவுலயே நடுவுல கறுப்பு நூல் ஓட்டி நெய்ஞ்சது, ஊசி ஓட்டை ஈரத்துணி போட்டு அயர்ன் வச்சா முக்கால்வாசி மூடிக்கும். ரப்பர் தடவின மாதிரி வழவழன்னு இருந்தா அது கோட்டிங், அதுல ஒரு தடவ ஊசி போட்டா ஓட்டை ஓட்டைதான், வெயில் படும்போது புள்ளி புள்ளியா வெளிச்சம் தெரியும். கோட்டிங்கா இருந்தா ஓரத்த பிரிக்காதீங்க, நேரடியா அயர்னும் வைக்காதீங்க.

ரெண்டாவது, நீங்க 4 ஒரு தடவயும் 2 ஒரு தடவயும் வாங்கினதா எழுதியிருக்கீங்க. ஒரே கலர் பேரு போட்டிருந்தாலும் சாயம் ஏத்தின லாட்டு வேறயா இருந்தா நிறம் லேசா மாறும். ஆறையும் பகல் வெளிச்சத்துல தரையில விரிச்சு பாருங்க, டியூப் லைட்டுல பாத்தா தெரியாது. தைக்கறதுக்கு முன்னாடி இத பாக்கலன்னா பின்னாடி வருத்தப்படுவீங்க.

செம்பூர்க்காரி:
பின்பக்கம் துணி மாதிரிதான் இருக்கு, நிம்மதி.

ஆனா நீங்க சொன்னது சரி. காலைல பால்கனி கதவு பக்கத்துல விரிச்சேன், பின்னால வாங்கின ரெண்டும் லேசா சிவப்பு கலந்த மாதிரி இருக்கு. மத்த நாலும் சாம்பல், இது ரெண்டும் சாம்பல்ல ஒரு சொட்டு காப்பி விட்ட மாதிரி. வாங்கின எடத்துல கேட்டா தேதி தாண்டிடுச்சு மாத்த முடியாதுன்னுட்டாங்க. அழுகையே வந்துடுச்சு. இவ்வளவு கணக்கு போட்டு இப்படியா.

ஊசிமுனை:
அழாதீங்க மா, இது நெறைய நடக்கும். அந்த ரெண்டையும் ரெண்டு கோடியில போடுங்க. இடது கோடியில ஒன்னு, வலது கோடியில ஒன்னு, நடுவுல ஒரே நிறம் நாலு. ஜன்னல் ஓரத்துல எப்பவும் நிழல் விழும், அங்க நிறம் கொஞ்சம் அடர்த்தியா தெரியறது சகஜம், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பக்கத்து பக்கத்துல வந்தாதான் கண்ணு ஒப்பிட்டு பாக்கும்.

நேருல் வாசி:
இவ்வளவு மெனக்கெடறதுக்கு சேனல் போட்டுடலாமே? ரிங் பட்டிய மொத்தமா வெட்டி எறிஞ்சுட்டு, மேல நாடா தைச்சு கொக்கி மாட்டி அலுமினியம் சேனல்ல ஓட விட்டா நடு ப்ராக்கெட் பிரச்சனையே இல்ல, மொத்தத்தையும் ஒரே பக்கம் தள்ளலாம். நாங்க அப்படித்தான் பண்ணோம்.

ஊசிமுனை:
செய்யலாம், நல்லாவும் இருக்கும். ரிங் பட்டி 4 இஞ்ச் வெட்டினாலும் அவங்க 9 அடி வாங்கியிருக்கறதால நீளம் இடிக்காது. ஆனா 276 இஞ்ச்சுக்கு நாடா தைக்கணும், நாடாவுக்குக் காசு, சேனலுக்குக் காசு, அத சீலிங்ல மாட்ட ஆளு. அவங்களுக்கு ஒரே பக்கம் தள்ளணும்னு தேவை இருக்கான்னு அவங்கதான் சொல்லணும்.

செம்பூர்க்காரி:
தேவை இல்ல. ரெண்டு பக்கமா தொறந்தா போதும். இருக்கற ரிங்கோடவே செய்யறேன்.

டோம்பிவிலி லோக்கல்:
துளை போடறதப் பத்தி ஒன்னு. புது பில்டிங்னா சுவர் செங்கலா காங்க்ரீட்டான்னு கேட்டுக்கோங்க. இப்ப மும்பையில கட்டற டவர் நெறைய மைவான் முறையில (அலுமினிய அச்சு வச்சு ஊத்தறது) முழு காங்க்ரீட் சுவர், சாதா ட்ரில் போனா பிட்டு தேயும், துளை ஆழம் போகாது. ஆழம் இல்லாம ப்ளக் அடிச்சா ரெண்டு மாசத்துல ஆடிடும். ஹாமர் ட்ரில் வச்சிருக்கற ஆளா கூப்பிடுங்க. ஜன்னலுக்கு மேல ஏசி வயர், பைப் எதாவது சுவத்துக்குள்ள போகுதான்னும் பாருங்க. மத்தியானம் தூங்கற நேரத்துல ட்ரில் போடக் கூடாதுன்னு சொசைட்டில ரூல் இருக்கும், வாட்ச்மேன்கிட்ட கேட்டுட்டு ஆள கூப்பிடுங்க.

ஊசிமுனை:
இன்னும் சொல்ல வேண்டியது. 16 நம்பர் ஊசி போடுங்க, ரவிக்கை தைக்கற ஊசி உடைஞ்சுடும். பாலியஸ்டர் நூல். தையல் பெருசா வைங்க, பொடி தையல் போட்டா துணி சுருங்கி இழுத்துக்கும். ரெண்டு பேனலையும் மேல் பட்டியில சேத்து பின் குத்தி அங்க இருந்து கீழ வாங்க, எப்பவும் மேல இருந்து கீழ. நீளம் ஆறும் ஆறு மாதிரின்னு சொன்னீங்க இல்லையா, அந்த வித்தியாசம் எல்லாம் கீழ போய் சேரட்டும். கீழ எப்படியும் வெட்டப் போறீங்க.

ஆனா உடனே வெட்டாதீங்க!! தைச்சு முடிச்சு கம்பியில மாட்டி ரெண்டு மூணு நாள் தொங்க விடுங்க. கனத்துல துணி கொஞ்சம் எறங்கும். எறங்கினப்பறம் தரையில இருந்து அரை இஞ்ச் மேல சாக்பீஸ்ல கோடு போட்டு, அதுக்குக் கீழ 5 இஞ்ச் மடிக்க விட்டுட்டு மிச்சத்த வெட்டுங்க. தரைய தொடாம இருந்தாதான் மழைக்காலத்துல துடைக்கும்போது ஈரம் ஏறாது, பூஞ்சை பிடிக்காது.

வாடகைவீடு:
நடுவுல ரெண்டு பாதியும் சேர்ற எடத்துல வெளிச்சம் வராதா? ப்ராக்கெட் இருக்கே அங்க.

ஊசிமுனை:
வரும். ஒரு பாதியோட நடு ஓரத்துல பின் பக்கமா ஒரு 4 இஞ்ச் பட்டை நீளத்துக்கு தைச்சு விட்டா மூடிக்கும். துணிக்குத்தான் எங்க போறதுன்னு யோசிக்கணும், அதே நிறம் தனியா கெடைக்காது.

செம்பூர்க்காரி:
10 நாள் கழிச்சு வர்றேன், எல்லாரும் காத்திருப்பீங்கன்னு தெரியும்.

கம்பி மாத்தியாச்சு. ஒரு இஞ்ச் குழாய், ரெண்டு துண்டாத்தான் மறுபடியும், ஆனா சேர்ற எடம் நடு ப்ராக்கெட் மேல. சுவர் காங்க்ரீட்தான், வந்தவர் ஹாமர் ட்ரில் கொண்டு வந்தார். இப்ப கையால இழுத்துப் பாத்தாலும் அசையல.

தையல் பிரிக்கறதுக்குத்தான் ரெண்டு சாயங்காலம் முழுசா ஆச்சு. மொத்தம் 8 ஓரம். மாமியார்தான் பிரிச்சாங்க, ஆபரேஷன் ஆன கண்ண சிரமப்படுத்தாதீங்கன்னு எவ்வளவோ சொன்னேன், இப்பதான் எனக்கு நூல் நல்லா தெரியுதுன்னு சொல்லிட்டு உக்காந்துட்டாங்க. நாலு தையலுக்கு ஒரு தடவ பிளேடால நூல அறுத்து, மறுபக்கம் போயி நூல் முனைய பிடிச்சு மெதுவா இழுத்தாங்க, முழு நூலும் உருவிட்டு வந்துது, துணியில ஒரு கீறல் இல்ல. நான் செஞ்சிருந்தா கண்டிப்பா கிழிச்சிருப்பேன். அப்பறம் ஈரத்துணி போட்டு அயர்ன் வச்சேன், கரூர் சார் சொன்ன மாதிரியே மடிப்புக் கோடு போயிடுச்சு, ஓட்டையும் கிட்டப் போயி பாத்தாதான் தெரியுது.

ஊசிமுனை அக்கா, டேப் வச்சு பாத்தேன், சேர்ப்புல ரிங்குக்கு ரிங் 6 இஞ்ச், ஒரு எடத்துல மட்டும் 5 முக்கால். மடிப்பு எல்லாம் ஒரே மாதிரி விழுது. சேர்ப்பு எங்க இருக்குன்னு எங்க வீட்டுக்காரர தேடச் சொன்னேன், அவரால கண்டுபிடிக்க முடியல. நிறம் மாறின ரெண்டும் கோடியில இருக்கு, எனக்கு தெரிஞ்சதால தெரியுது, வேற யாரும் கேக்கல.

அந்த நடு பட்டைக்குத் துணி கெடைச்சுடுச்சு. கீழ வெட்டினப்போ ஒவ்வொரு பேனல்லயும் 8 இஞ்ச் உயரத்துக்கு ஒரு பட்டை மிஞ்சுச்சு இல்லையா, அது 46 இஞ்ச் நீளம். ரெண்ட நீளவாக்குல சேத்தா 91 வருது. நீளமா ரெண்டா மடிச்சு 4 இஞ்ச் அகல பட்டை ஆக்கி, மேல் பட்டிக்குக் கீழ இருந்து ஆரம்பிச்சு வலது பாதியோட ஓரத்துல பின்னால தைச்சேன், தரை வரைக்கும் கிட்டத்தட்ட சரியா வந்துடுச்சு. குறுக்கு நெசவு நெடுக்கா வந்துருக்கு, ஆனா பிளெயின் துணி, அதுவும் பின்னால, ஒன்னும் தெரியல.

கரூர் துணிக்காரன்:
ரொம்ப சந்தோஷம் மேடம். வெட்டின பட்டையில இருந்தே எடுத்தது நல்ல யோசனை, அதே லாட்டு அதே நிறம்.

ஊசிமுனை:
மாமியார் பிரிச்ச விதம் படிச்சு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு மா. எங்க கடையில பசங்களுக்கு நான் சொல்லித் தர்ற முறை அதுதான். அந்த 5 முக்கால் இருக்கட்டும், பிரிக்காதீங்க.

நேருல் வாசி:
ஒன்னு மட்டும் கேக்கறேன். மூணு பேனல் சேந்தது ஒரு பாதி, இத எப்படி துவைப்பீங்க? ஈரமாச்சுன்னா தூக்கவே முடியாதே. இதுக்காகத்தான் நாங்க சேர்க்காம விட்டோம்.

செம்பூர்க்காரி:
அத யோசிக்கல! எங்க மெஷின் ஆறரை கிலோ.

ஊசிமுனை:
ஒரு தடவைக்கு ஒரு பாதி மட்டும் போடுங்க, மெஷின்ல வேற எதுவும் வேண்டாம். ரிங் இருக்கற பக்கத்த ஒரு பழைய தலையணை உறைக்குள்ள விட்டு கட்டிடுங்க, அப்ப ரிங் டிரம்ம அடிக்காது. ஆறரை கிலோவுல அமுக்கி அமுக்கித்தான் நுழைக்கணும்னா போடவே போடாதீங்க, பாத்ரூம்ல டப்புல சோப்புத்தண்ணி வச்சு ஊற விட்டு அலசுங்க, முறுக்கிப் பிழிய வேண்டாம். தண்ணி சொட்டறது நின்னதும் ஈரத்தோடவே கம்பியில மாட்டி ஃபேன போடுங்க, தன் கனத்துலயே சுருக்கம் எடுபட்டுடும். உங்க இப்ப உள்ள கம்பி தாங்கும். மழை முடிஞ்சு அக்டோபர் வெயில்ல செய்ங்க, ஒரு பகல்ல காஞ்சுடும்.

செம்பூர்க்காரி:
சரிக்கா, அக்டோபர் வரைக்கும் வேக்கம் க்ளீனர்ல தூசி எடுத்துக்கறேன். இப்ப மணி நாலரை, மாமியார் அவங்க எடத்துல உக்காந்து பேப்பர் படிச்சிட்டு இருக்காங்க.